'88' திட்டத்துக்குப் பெயர் தந்த வீரர்: அமெரிக்கக் கால்பந்தின் ஜான் மேக்கி

அமெரிக்கக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்ற ஆட்ட நிலைக்குப் புதிய இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவராகக் கருதப்படுபவர் ஜான் மேக்கி. களத்தில் 10 ஆண்டுகள் ஆடிய அவர், வீரர் சங்கத்தின் தலைவராக இருந்து, லீக் நிர்வாகத்துக்கு எதிரான வழக்கில் வெற்றியும் கண்டார். ஆயினும், முதுமையின் வாசலில் மறதி நோய் தாக்கியபோது, அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் மருத்துவப் பராமரிப்புச் செலவுக்குப் போதவில்லை. அவரது நிலையைக் கண்ட பிறகு உருவாக்கப்பட்ட உதவித் திட்டத்துக்கு, அவர் அணிந்திருந்த சீருடை எண்ணான 88 பெயராகச் சூட்டப்பட்டது.

2028-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் போட்டியில், அமெரிக்கக் கால்பந்தின் மோதல் இல்லாத வடிவமான 'ஃபிளாக் ஃபுட்பால்' முதன்முறையாக இடம்பெறுகிறது. மும்பையில் 2023 அக்டோபரில் நடைபெற்ற சர்வதேச ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில், கிரிக்கெட்டுடன் சேர்த்து இதற்கும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இந்திய வாசகர்களுக்கு இன்னும் அதிகம் அறிமுகமாகாத இந்த விளையாட்டில், மோதலின் விலை என்ன என்ற கேள்வியோடு இணைத்துப் பேசப்படும் பெயர்களுள் ஒன்று மேக்கியுடையது.

டைட் எண்ட் என்பவர் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பர். முனை கூரான நீள்வடிவப் பந்தை, 100 யார்டு நீளமுள்ள மைதானத்தில் எதிரணியின் எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்ப்பதே நோக்கம். அவ்வாறு சேர்த்தால் அது 'டச் டவுன்'. அதற்கு 6 புள்ளிகள். பந்தை வைத்திருக்கும் அணி, 4 முயற்சிகளுக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேறினால் மட்டுமே பந்தைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ள முடியும்.

ஆட்டத்தை இயக்குபவர் 'குவார்ட்டர்பேக்'. பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை அவரே நிறைவேற்றுகிறார். அவரைப் பாதுகாக்க முன்வரிசையில் 5 பேர் நின்று எதிரணியினரைத் தடுப்பர். அந்த முன்வரிசையின் ஒரு முனையை ஒட்டி நிற்பவரே டைட் எண்ட். இவர் எதிரணியின் பாரமான வீரர்களை மோதித் தடுக்க வேண்டும். அடுத்த முயற்சியிலேயே முன்னால் ஓடிச் சென்று பந்தைப் பிடிக்கவும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலைகள்.

1960-களின் தொடக்கம் வரை இந்த நிலையில் ஆடியவர்களின் முதல் பணி தடுப்பதாகவே இருந்தது. பந்தைப் பிடிப்பது அவ்வப்போது கிடைக்கும் வாய்ப்பு. இந்த வழக்கத்தை முதலில் உடைத்தவர் சிகாகோ பேர்ஸ் அணியின் மைக் டிட்கா. 1961-இல் தமது முதல் பருவத்திலேயே 56 பந்துகளைப் பிடித்து 1,076 யார்டு முன்னேறினார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் வந்த மேக்கி, அந்த நிலைக்கு வேகத்தைச் சேர்த்தார்.

பாதிரியாரின் மகன்

மேக்கி 1941 செப்டம்பர் 24 அன்று பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் திருச்சபையின் பாதிரியார். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் உள்ள ரூஸ்வெல்ட்டில் வளர்ந்து, ஹெம்ப்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் படித்த அவர், அதே மாநிலத்தில் உள்ள சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவரது அறைத்தோழர் எர்னி டேவிஸ். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிக உயரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை 1961-இல் வென்று, அதைப் பெற்ற முதல் கருப்பின வீரர் என்ற பெருமையை அடைந்தவர் டேவிஸ். தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்காமல், 1963 மே மாதத்தில் ரத்தப் புற்றுநோயால் உயிரிழந்தார். மேக்கி தொழில்முறைக் களத்தில் அடியெடுத்து வைத்தது அதே ஆண்டில்தான். பின்னாளில் அவரது மனைவியான சில்வியாவும் சிராக்யூஸ் மாணவியே.

பால்டிமோரில் 9 ஆண்டுகள்

தேசிய கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் ஐபிஎல் போல ஏலத்தில் எடுப்பதில்லை. 'டிராஃப்ட்' எனப்படும் முறையில், ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த அணியுடன் மட்டுமே அந்த வீரர் ஊதியம் பேச முடியும். 1963-ஆம் ஆண்டு டிராஃப்டின் இரண்டாவது சுற்றில் மேக்கியை பால்டிமோர் கோல்ட்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. அப்போது அந்த அணியின் குவார்ட்டர்பேக், அக்காலத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவரான ஜானி யூனிடஸ்.

6 அடி 2 அங்குல உயரமும் 100 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்ட மேக்கி, பந்தைப் பிடித்த பிறகு ஓடும் விதமே எதிரணிகளுக்குச் சிக்கலாக அமைந்தது. சிறிய உருவமுடைய பின்கள வீரர்களால் அவரை வீழ்த்த முடியவில்லை. அவரை வீழ்த்தும் வலுவுடைய பெரிய வீரர்களால் அவரது வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. முதல் பருவத்திலேயே 35 பந்துகளைப் பிடித்து 726 யார்டு முன்னேறினார். ஒரு பந்துக்குச் சராசரி 20.7 யார்டு. அந்த ஆண்டே நட்சத்திர வீரர்களின் ஆட்டமான 'புரோ பவுல்' போட்டிக்குத் தேர்வானார்.

அவரது ஆட்டம் உச்சத்தைத் தொட்டது 1966-இல். அந்தப் பருவத்தில் 50 பந்துகளைப் பிடித்து 829 யார்டு கடந்து 9 டச் டவுன்களை எடுத்தார். அவற்றுள் 6 டச் டவுன்கள் 50 யார்டுக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து வந்தவை. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிராக, குறுகிய தூரத்தில் பந்தைப் பெற்று, தம்மைச் சூழ்ந்த வீரர்களை ஒருவர் பின் ஒருவராக உதறிவிட்டு 64 யார்டு முன்னேறி அவர் எடுத்த டச் டவுன், இன்றும் பழைய படச்சுருள்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது.

1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக்கின் சிறந்த டைட் எண்டாக அவர் தேர்வு செய்யப்பட்டார். 1969-இல், லீக்கின் 50 ஆண்டு நிறைவையொட்டி அறிவிக்கப்பட்ட அரைநூற்றாண்டுக் கனவு அணியிலும் டைட் எண்ட் இடம் அவருக்கே வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28 கூட நிறைவடைந்திருக்கவில்லை எனலாம்.

தோல்வியும் வெற்றியும் ஒரே மைதானத்தில்

1969 ஜனவரியில் மயாமி ஆரஞ்சு பவுல் அரங்கில் நடந்த மூன்றாவது சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், வெல்லும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட கோல்ட்ஸ் அணி, நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 16-7 என்ற கணக்கில் தோற்றது. இந்த விளையாட்டின் வரலாற்றில் மிகப்பெரிய அதிர்ச்சி முடிவுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1971 ஜனவரி 17 அன்று, அதே அரங்கில் ஐந்தாவது சூப்பர் பவுல் போட்டி. எதிரணி டல்லாஸ் கவ்பாய்ஸ். 6-0 என்று பின்தங்கியிருந்த நிலையில் யூனிடஸ் எறிந்த பந்து, சக வீரர் எடி ஹின்டனின் கையில் பட்டு எகிறி, எதிரணியின் மெல் ரென்ஃப்ரோவின் விரல்களை உரசிக்கொண்டு பின்னால் இருந்த மேக்கியிடம் வந்து சேர்ந்தது. அதைப் பிடித்து ஓடிய அவர் டச் டவுன் எடுத்தார். மொத்தத் தூரம் 75 யார்டு.

அக்கால விதிப்படி, பந்தை எறிந்த அணியின் இரு வீரர்கள் அடுத்தடுத்துத் தொட்டால் அந்த முயற்சி செல்லாது. இடையில் ரென்ஃப்ரோவின் விரல் பட்டதால் மட்டுமே அது செல்லுபடியானது. ஆட்டம் முடிய 5 விநாடிகளே இருந்தபோது ஜிம் ஓ'பிரையன் உதைத்த கோலால் கோல்ட்ஸ் 16-13 என வென்றது. மேக்கியின் டச் டவுன் இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

1972-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்காக ஒரு பருவம் ஆடிய பின் அவர் ஓய்வு பெற்றார். 10 பருவங்களில் 139 ஆட்டங்கள், 331 பிடிகள், 5,236 யார்டு, 38 டச் டவுன்கள், 5 புரோ பவுல் தேர்வுகள் என்பது அவரது கணக்கு. ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள் என்ற அக்காலத்தில், 10 ஆண்டுகளில் அவர் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம்.

வீரர் சங்கத் தலைவர்

என்எஃப்எல் லீக்கும் அதன் போட்டி லீக்கான ஏஎஃப்எல்லும் 1970-இல் முழுமையாக இணைந்தன. இரண்டின் வீரர் சங்கங்களும் ஒன்றாயின. ஒன்றிணைந்த சங்கத்தின் முதல் தலைவராக மேக்கி தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு கோடையில், ஓய்வூதியம் மற்றும் காப்பீட்டுக் கோரிக்கைகளை முன்வைத்து வீரர்கள் பயிற்சி முகாம்களைப் புறக்கணித்தனர். போராட்டத்தின் முடிவில், ஓய்வூதியம் உள்ளிட்ட பலன்களுக்காகச் சுமார் 1.1 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்தது.

எனினும், மேக்கியின் பெயரை அமெரிக்கச் சட்ட வரலாற்றில் பதித்தது மற்றொரு விவகாரம். ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் வேறு அணியில் சேர்ந்தால், அவரைச் சேர்த்துக்கொண்ட அணி பழைய அணிக்கு ஈடு வழங்க வேண்டும். இரு அணிகளுக்கும் உடன்பாடு ஏற்படாவிட்டால், என்ன ஈடு, எந்த வீரரைக் கொடுப்பது என்பதை லீக் ஆணையர் பீட் ரோசெல் தாமே முடிவு செய்வார். 'ரோசெல் விதி' என்று அழைக்கப்பட்ட இது, 1963-இல், அதாவது மேக்கி லீக்கில் நுழைந்த ஆண்டில், நடைமுறைக்கு வந்தது. ஆர்.சி. ஓவன்ஸ் என்ற வீரர் தமது ஒப்பந்தம் முடிந்ததும் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை விட்டு பால்டிமோர் கோல்ட்ஸில் சேர்ந்ததே இவ்விதிக்குக் காரணமாக அமைந்தது.

ஒரு வீரரைச் சேர்த்தால் பதிலுக்கு எதை இழக்க நேரிடும் என்பது முன்கூட்டியே தெரியாததால், அணிகள் தயங்கின. நீதிமன்றப் பதிவுகளின்படி, 1963 முதல் 1974 வரை 176 வீரர்கள் தங்கள் ஒப்பந்தக் காலத்தை முழுமையாக முடித்தனர். அவர்களில் வேறு அணியில் சேர முடிந்தவர்கள் 34 பேர் மட்டுமே. ஆணையர் நேரடியாக ஈட்டை நிர்ணயித்தது 4 முறைதான். ஆனால், அந்த 4 முடிவுகள் குறித்த அச்சமே மற்றவர்களைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது என்பது வீரர்கள் தரப்பு வாதம்.

மேக்கியும் வேறு சில வீரர்களும் தொடுத்த வழக்கு மினசோட்டா மாவட்ட நீதிமன்றத்தில் 55 நாள்கள் விசாரிக்கப்பட்டது. 63 பேர் சாட்சியம் அளித்தனர். வணிகப் போட்டியை முடக்கும் கூட்டு ஏற்பாடுகளுக்குத் தடை விதிக்கும் ஷெர்மன் சட்டத்தை ரோசெல் விதி மீறுவதாக, 1975 டிசம்பர் இறுதியில் நீதிபதி ஏர்ல் லார்சன் தீர்ப்பளித்தார். 1976-இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், மாறுபட்ட சட்டக் காரணங்களின் அடிப்படையில், அந்த முடிவை உறுதி செய்தது.

இந்த வெற்றியின் பலன் உடனே வந்துவிடவில்லை. 1977-இல் சங்கமும் அணி உரிமையாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஈட்டு முறை வேறு வடிவில் மீண்டும் இடம்பெற்றது. வீரர்களின் இடமாற்றம் தொடர்ந்து அரிதாகவே இருந்தது. மேலும் பல வழக்குகளுக்குப் பிறகு, 1993-இல்தான் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை வீரர்களுக்கு உண்மையில் கிடைத்தது. மேக்கி ஓய்வு பெற்று அப்போது 20 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று பல கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்யும் வீரர்களின் பேர வலிமைக்கு அடித்தளமிட்ட தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

தாமதமான அங்கீகாரம்

ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில், டைட் எண்ட் ஆட்ட நிலைக்காக முதலில் இடம்பெற்றவர் மைக் டிட்கா. அது 1988-இல். மேக்கிக்கு அந்தக் கௌரவம் 1992-இல் கிடைத்தது. வழக்கமான முறையில் தேர்வாவதற்கு அவருக்கு இருந்த கடைசி வாய்ப்பு அது. களத்தில் அவர் சாதித்தவற்றை வைத்துப் பார்க்கும்போது இத்தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை என்றும், சங்கத் தலைவராக அவர் ஆற்றிய பணியே அதற்குக் காரணம் என்றும் அவரது ஆதரவாளர்கள் நெடுங்காலம் கூறிவந்தனர்.

இதற்கிடையே 1984-இல் கோல்ட்ஸ் அணி பால்டிமோரை விட்டு இண்டியானாபொலிஸ் நகருக்கு மாறிவிட்டது. புகழ் மண்டப வீரர்களுக்கு அவர்களது பழைய அணியின் ஆட்டத்தின்போது மோதிரம் வழங்குவது மரபு. இண்டியானாபொலிஸுக்குச் செல்ல மறுத்த மேக்கி, தாம் ஆடிய பால்டிமோரிலேயே அந்த மோதிரத்தைப் பெற்றுக்கொண்டார்.

நோயும் ஓய்வூதியமும்

2000-களின் தொடக்கத்தில், 60 வயதை எட்டும் தறுவாயில், மேக்கியிடம் நடத்தை மாற்றங்கள் தென்பட்டன. மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் பாதிக்கும் ஒருவகை டிமென்ஷியா அவருக்கு இருப்பது கண்டறியப்பட்டது. நினைவாற்றல் குறைவதற்கு முன்பே குணம், பேச்சு, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைச் சிதைப்பது இந்நோயின் இயல்பு. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் தமது வெற்றி மோதிரங்களைக் கழற்ற மறுத்து, காவலர்களால் அவர் மடக்கிப் பிடிக்கப்பட்ட சம்பவம் அப்போது செய்திகளில் வெளியானது. அவரைப் பொறுத்தவரை, யாரோ தம் மோதிரங்களைப் பறிக்க வந்திருந்தனர்.

அவரது மாத ஓய்வூதியம் 2,500 டாலருக்கும் குறைவு. முழுநேரப் பராமரிப்பு இல்லத்தின் கட்டணம் அதைப்போல் பல மடங்கு. மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதற்காக, மனைவி சில்வியா 56 வயதில் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். ஒருகாலத்தில் சக வீரர்களின் ஓய்வூதியத்துக்காகப் போராடியவரின் வீட்டுக்கு, அந்த ஓய்வூதியம் போதாமல் போனது.

2006-இல், லீக் ஆணையராக இருந்த பால் டாக்லியபுவுக்கு சில்வியா கடிதம் எழுதினார். கணவரின் நோய் ஒரு குடும்பத்தை எப்படிக் கரைக்கிறது என்பதை அதில் விவரித்திருந்தார். அதன் விளைவாக லீக்கும் வீரர் சங்கமும் இணைந்து உருவாக்கிய உதவித் திட்டம் 2007-இல் செயல்பாட்டுக்கு வந்தது. டிமென்ஷியாவால் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தால் ஆண்டுக்கு 88,000 டாலர் வரையும், வீட்டிலேயே பராமரிக்கப்பட்டால் 50,000 டாலர் வரையும் செலவை ஈடுகட்ட அது வழிவகுத்தது. தொகைக்கும் பெயருக்கும் அடிப்படை மேக்கியின் சீருடை எண். பின்னர் பார்க்கின்சன் நோயும், நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏஎல்எஸ் நோயும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

உதவி வழங்கிய லீக், ஆட்டமே நோய்க்குக் காரணம் என்று அப்போது ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மூளை சொன்ன விடை

தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் ஏற்படும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோய், சுருக்கமாக 'சிடிஇ' எனப்படுகிறது. இறந்த பின் மூளைத் திசுவைப் பரிசோதித்தால் மட்டுமே இதை உறுதி செய்ய முடியும். 2002-இல் மறைந்த மைக் வெப்ஸ்டர் என்ற வீரரின் மூளையில், நைஜீரியாவில் பிறந்த நோய்க்கூறியல் மருத்துவர் பென்னட் ஓமலு இதைக் கண்டறிந்து 2005-இல் வெளியிட்டதிலிருந்து, இவ்விவகாரம் பொதுவெளிக்கு வந்தது.

மேக்கி 2011 ஜூலை 6 அன்று பால்டிமோரில் காலமானார். அவருக்கு வயது 69. அவரது மூளை ஆய்வுக்காக பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. அதில் சிடிஇ பாதிப்பு இருந்தது உறுதியானது.

முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்கில், 2013-இல் 76.5 கோடி டாலர் இழப்பீடு வழங்க லீக் உடன்பட்டது. பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. 2016-இல்தான், கால்பந்துக்கும் சிடிஇ நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110-இல் இந்நோய் காணப்பட்டது. நோய் அறிகுறிகளைக் கண்ட குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையைத் தானமளிக்கின்றனர் என்பதால், இந்த விகிதம் எல்லா வீரர்களுக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது என ஆய்வாளர்களே தெளிவுபடுத்தினர்.

இன்று

மேக்கிக்குப் பின் டைட் எண்ட் நிலை வெகுவாக வளர்ந்துவிட்டது. 1997 முதல் 2013 வரை ஆடிய டோனி கொன்சாலஸ், 1,325 பிடிகளில் 15,127 யார்டு கடந்து, அந்த நிலையில் இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனைகளை வைத்துள்ளார். எண்ணிக்கையில் மேக்கியின் கணக்கு இன்று சிறியதாகத் தோன்றலாம். ஆனால், தடுப்பாளரை ஓடுபவராகவும் பயன்படுத்தலாம் என்று பயிற்சியாளர்களை நம்பவைத்த தலைமுறை அவருடையது.

2000-ஆம் ஆண்டு முதல், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த டைட் எண்டுக்கு ஆண்டுதோறும் 'ஜான் மேக்கி விருது' வழங்கப்படுகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிராக் பவர்ஸ் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் அதைப் பெற்று, இருமுறை வென்ற முதல் வீரரானார்.

அந்த விருதை வெல்லும் இளைஞர்கள் தொழில்முறை லீக்கில் நுழையும்போது, ஒப்பந்தம் முடிந்ததும் அணி மாறும் உரிமை அவர்களுக்கு உண்டு. நோயுற்றால் உதவி கோரும் வழியும் உண்டு. இவ்விரண்டில் முதலாவதை மேக்கி களத்தில் இருந்தபோது அனுபவிக்கவில்லை. இரண்டாவது அவருக்குக் கிடைத்தபோது, அது எதற்காகப் பெறப்பட்டது என்பதை அறியும் நிலையில் அவர் இல்லை.